செராமிக் கோட்டிங் போட்ட காரில் பி.பி.எஃப். ஒட்டலாமா?

வாசகர் ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இது: கறுப்பு நிறக் கார், வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வாங்கிய கையோடு, ஐந்து வருட வாரன்டி என்று சொன்னதை நம்பி செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல் பூசி இறுகவிடும் மெல்லிய படலம்) போட்டுவிட்டார். இப்போது வேலை மாறியதில் தினமும் நெடுஞ்சாலையில், லாரிகளுக்குப் பின்னால் ஓட்ட வேண்டியிருக்கிறது. பானெட்டின் முன் விளிம்பிலும் பம்பரிலும் வெள்ளை வெள்ளையாகக் கல் தெறித்த புள்ளிகள். பி.பி.எஃப். (பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம், அதாவது பெயின்ட் மேல் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம்) ஒட்டிவிடலாம் என்று இரண்டு கடைகளில் கேட்டிருக்கிறார். ஒருவர், "கோட்டிங் மேலேயே ஒட்டிடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார். இன்னொருவர், கார் முழுக்க மெஷின் பாலிஷ் போட்டுக் கோட்டிங்கை எடுத்தால்தான் ஃபிலிமைத் தொடுவேன் என்கிறார். வாசகர் முதல் கடையில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது.

அவருடைய கேள்விகள் மூன்று. இரண்டு கடைக்காரர்களில் யார் சொல்வது சரி? கோட்டிங்குக்கு மேல் ஃபிலிமும் சேர்ந்தால் இரட்டைப் பாதுகாப்புதானே? கொஞ்ச நாளாகத் தண்ணீர் உருண்டு ஓடுவதில்லை, அப்படியானால் கோட்டிங் தானாகவே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாமா? கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: போன வருடம் ஒரு உரசலில் இடது முன் ஃபெண்டருக்கு டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடித்தார்களாம்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அந்தக் கடைசி வரிதான். அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். முதலில் இரண்டு கடைக்காரர்களின் பஞ்சாயத்தைத் தீர்த்துவிடுவோம். இருவரும் பொய் சொல்லவில்லை. முதல் ஆள் பாதியைச் சொல்லாமல் விடுகிறார், இரண்டாவது ஆள் தேவைக்கு மேல் செய்யப் பார்க்கிறார். ஃபிலிம் ஒட்டப்போகும் பாகங்களில் மட்டும் கோட்டிங்கை எடுத்துவிட்டு, ஃபிலிமை நேரடியாகப் பெயின்ட் மீது ஒட்டி, வேண்டுமானால் ஃபிலிமுக்கு மேலே கோட்டிங் போடுவதுதான் என் ஆலோசனை. ஏன் என்று சொல்கிறேன்.

இரட்டைப் பாதுகாப்பு என்ற எண்ணம்

9ஹெச் கடினம் என்று சொல்லிப் போட்ட கோட்டிங் இருந்தும் கல் பட்டுப் பெயர்ந்துவிட்டதே என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். 9ஹெச் என்பது பென்சில் கடினத்தன்மைக் கணக்கு. வெவ்வேறு கடினத்தில் இருக்கும் பென்சில் முனைகளைப் பரப்பில் அழுத்தி இழுத்து, எது கீறுகிறது என்று பார்க்கும் சோதனை அது. வேகமாக வந்து மோதும் கல்லுக்கும் அந்தச் சோதனைக்கும் சம்பந்தமே கிடையாது. கோட்டிங்கின் தடிமன் ஒரு மைக்ரானுக்குப் பக்கத்தில் இருக்கும், தாராளமாகப் போட்டாலும் இரண்டு மூன்று. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் படலம் அழுக்கு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், கழுவுவதைச் சுலபமாக்கும், பறவை எச்சம் பெயின்ட்டை அரிப்பதற்குள் துடைத்தெடுக்க அவகாசம் கொடுக்கும். கல்லடியைத் தாங்குவது அதன் வேலை இல்லை. விற்றவர் அப்படிச் சொல்லியிருந்தால் அது விற்பனைப் பேச்சு.

பி.பி.எஃப். வேறு ரகம். அது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் ஃபிலிம், பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் தடிமன். கல் வந்து பட்டால் அந்த ரப்பர் போன்ற அடுக்கு அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். கோட்டிங்கின் பலன் முழுவதும் காற்றும் தண்ணீரும் அழுக்கும் படும் வெளிப்பரப்பில்தான். ஃபிலிமுக்கு அடியில் போய்விட்டால் அதற்கு வேலையே இல்லை. அங்கே அது செய்யக்கூடிய ஒரே காரியம் பசையின் பிடிப்பைக் குறைப்பது. ஆக, நீங்கள் நினைக்கிற இரட்டைப் பாதுகாப்பு கிடைக்கத்தான் செய்யும், வரிசை மட்டும் தலைகீழ்: கீழே ஃபிலிம், மேலே கோட்டிங்.

இன்னொரு சின்னத் திருத்தம். ஃபிலிம் 'தானாகவே ஆறிக்கொள்ளும்' என்பதால் பானெட்டில் இருக்கும் புள்ளிகளும் மறைந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். வெயிலோ வெந்நீரோ பட்டால் ஃபிலிமின் மேலடுக்கில் விழுந்த மெல்லிய கீறல்கள்தான் மறையும். ஃபிலிம் கிழிந்தால் கிழிந்ததுதான். அடியில் இருக்கும் பெயின்ட்டுக்கு அது ஒன்றும் செய்யாது. கறுப்புக் காரில் நீங்கள் பார்க்கும் வெளிர் புள்ளிகள் பெரும்பாலும் நிறத்துக்கு அடியில் இருக்கும் ப்ரைமர் பூச்சு தெரிகிற இடங்கள். அவற்றின் மேல் அப்படியே ஃபிலிமை ஒட்டினால் ஒவ்வொரு குழியிலும் ஒரு காற்றுப் புள்ளி நின்று இன்னும் எடுப்பாகத் தெரியும். பானெட்டில் தகடு வரை பெயர்ந்திருந்தால் துருவும் உள்ளே தொடரும். ஃபிலிமுக்கு முன்பே டச்-அப் பெயின்ட் வைத்து, நன்றாகக் காயவிட்டு, மேடாக நிற்பதைச் சமப்படுத்திவிடச் சொல்லுங்கள்.

ஒட்டும், ஆனால் விளிம்பில்தான் வம்பு

எண்ணெய்ப் பாத்திரத்தில் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல ஃபிலிம் உடனே வழுக்கி விழுந்துவிடும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கோட்டிங் மேல் ஒட்டினாலும் பல நேரம் பிடித்துக்கொள்ளும். அதிலும் உங்களுடையது போல இரண்டு வருடம் வெயிலும் மழையும் கண்ட கோட்டிங் என்றால் பானெட்டின் நடுப்பகுதியில் ஒரு குறையும் தெரியாமல் போகலாம். "ஒண்ணும் ஆகாது" என்று முதல் கடைக்காரர் சொல்வது இந்த அனுபவத்தை வைத்துத்தான் இருக்கும். கார் டெலிவரி எடுக்கும் அன்று பார்த்தால் அவர் சொன்னது உண்மையாகவே தெரியும்.

சிக்கல் ஒட்டும்போதே தொடங்குகிறது. ஃபிலிமை உலர்ந்த பரப்பில் ஒட்ட மாட்டார்கள். ஷாம்பூ கலந்த தண்ணீரை அடித்து, ஃபிலிமை அதன்மேல் மிதக்கவிட்டு, நகர்த்தி, சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ஸ்க்வீஜியால் (தண்ணீர் வழிக்கும் ரப்பர் பட்டை) தண்ணீரை வெளியே தள்ளுவார்கள். கோட்டிங் உயிரோடு இருக்கும் பானெட்டில் அந்தத் தண்ணீர் பரவி நிற்காது, முத்து முத்தாகத் திரண்டு ஓடிவிடும். தண்ணீர் இல்லாத இடத்தில் பசை சட்டென்று பிடித்துக்கொள்ளும். அதை மறுபடி தூக்கி எடுத்தால் பசையில் கோடு விழும், ஃபிலிமில் இழுபட்ட தடம் நிற்கும். கறுப்புக் காரில் அந்தத் தடம் சாய்ந்த வெளிச்சத்தில் நன்றாகவே தெரியும்.

அடுத்தது விளிம்பு. பம்பரின் மூலை, மிரரின் வளைவு, பானெட்டின் ஓரம் போன்ற இடங்களில் ஃபிலிமை இழுத்து மடக்கி ஒட்டுவார்கள். இழுத்த ஃபிலிம் பழைய நிலைக்குத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டியது பசை. பசை ஒரு பரப்பில் நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் முதலில் அங்கே ஒட்டிப் பரவ வேண்டும். எதுவும் தன்மேல் பரவி ஒட்டக்கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டது செராமிக் கோட்டிங். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்வேலை செய்பவை. அதனால் தட்டையான நடுப்பகுதி தாங்கும், இழுவை இருக்கும் ஓரம் தாங்காது. முதல் நாளே இது தெரியாது. சில வெயில் நாட்கள் போய், இரண்டு மூன்று முறை பிரஷர் வாஷரின் தண்ணீர் அடித்த பிறகு மூலை லேசாக எழும்பும், உள்ளே தூசி போகும், அப்புறம் அழுத்தினாலும் ஒட்டாது. கடையில் ஒரு துண்டு ஃபிலிமை ஒட்டிக் காட்டி, உரித்துப் பாருங்கள், எவ்வளவு பிடிப்பு என்று சொன்னால் அதில் ஏமாறாதீர்கள். தட்டையான இடத்தில் இழுவை இல்லாமல் ஒட்டிய துண்டு எதையும் நிரூபிக்காது.

தண்ணீர் உருளவில்லை என்றால் கோட்டிங் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. கோட்டிங்கின் மேல் உப்புப் படிவும் சாலை எண்ணெயும் இரும்புத் துகள்களும் படிந்து அதை மூடியிருக்கும். நல்ல டீடெய்லிங் கடையில் இரும்புத் துகளைக் கரைக்கும் ஸ்ப்ரே, உப்புப் படிவை எடுக்கும் அமிலத்தன்மையுள்ள ஷாம்பூ ஆகியவற்றால் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலவையால் ஒருமுறை துடைத்துவிட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். செத்துப்போனதாக நினைத்த கோட்டிங் பல காரில் அப்போது திரும்ப முத்து கட்டும். ஒட்டுபவர் இப்படிச் சோதிக்காமல் கோட்டிங் போய்விட்டது என்று நம்பிவிட்டால், ஒட்டுவதற்காக அவர் பரப்பைச் சுத்தம் செய்த பிறகு வெளிப்படுவது உயிருள்ள கோட்டிங்காக இருக்கும்.

ஆல்கஹாலால் துடைத்தாலே கோட்டிங் போய்விடும், களிமண் பார் (பெயின்ட்டில் ஒட்டிய துகள்களைத் தேய்த்தெடுக்கும் களிமண் கட்டி) போட்டால் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. நன்றாக இறுகிய கோட்டிங் அதற்கெல்லாம் அசையாது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், அதாவது மெஷின் பாலிஷ். இங்கேதான் இரண்டாவது கடைக்காரரிடம் கொஞ்சம் நிதானிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து பல கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கும் நிறமற்ற அடுக்கான கிளியர் கோட் சுமார் 35 முதல் 50. ஒரு முறை பாலிஷ் போடும்போது அதில் ஓரிரண்டு மைக்ரான் போகும், கனமான காம்பவுண்டு வைத்துத் தேய்த்தால் அதற்கு மேலும் போகும். போனது திரும்பாது. ஃபிலிம் ஒட்டப்போகாத கதவுகளிலும் கூரையிலும் நன்றாக இருக்கிற கோட்டிங்கைத் தேய்த்தெடுத்து, கிளியர் கோட்டையும் இழந்து, பிறகு புதுக் கோட்டிங்குக்கும் பணம் கொடுப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. ஒருவேளை அவர் கார் முழுக்க ஃபிலிம் ஒட்டுவதை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம், கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உங்கள் கார் பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டாக இருந்திருந்தால் பாலிஷ் என்ற பேச்சுக்கே இடமில்லை. கறுப்பு என்று மட்டும் எழுதியிருப்பதால் பளபளப்பான பெயின்ட் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கோட்டிங் போய்விட்டது என்று எப்படி உறுதிசெய்வது? பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இதற்கு உதவாது. கோட்டிங்கின் தடிமன் அந்தக் கருவியின் பிழை வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். இருப்பதில் எளிய வழி: பானெட்டின் குறுக்கே ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் போட்டு, பாலிஷில் இருக்கும் எண்ணெய் போகும்வரை ஆல்கஹாலால் துடைத்து, டேப்பை எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளிப்பது. டேப் இருந்த கோட்டுக்குப் பாலிஷ் போடாத பக்கம் தண்ணீர் முத்தாக நிற்கும், போட்ட பக்கம் தட்டையாகப் பரவும். கோடு அவ்வளவு துல்லியமாகத் தெரியும். இதை உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். எந்தப் பாலிஷ், எத்தனை முறை போட்டால் போதும் என்பதும் அந்த ஒரு திட்டில் தெரிந்துவிடும், அதற்கு மேல் தேய்க்க வேண்டியதில்லை.

அந்த இடது ஃபெண்டர்

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். தொழிற்சாலைப் பெயின்ட் அதிக வெப்பத்தில் சுட்டு இறுகியது. ஒர்க்‌ஷாப்பில் திரும்ப அடித்த பெயின்ட்டின் பிடிப்பு, அடித்தவர் கீழே எவ்வளவு ஒழுங்காகத் தேய்த்து, துடைத்து, ப்ரைமர் கொடுத்தார் என்பதைப் பொறுத்தது. வெளியிலிருந்து பார்த்து அதைச் சொல்ல முடியாது. ஃபிலிமை ஒட்டும்போது நகர்த்துவதற்காகத் தூக்கும்போதோ, பல வருடம் கழித்து உரிக்கும்போதோ, அந்தப் பெயின்ட் ஃபிலிமோடு சேர்ந்து வந்துவிடலாம். ஒட்டுபவர்கள் பெரும்பாலும் இதற்குப் பொறுப்பேற்க மாட்டார்கள், அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பெயின்ட் அடித்து ஒரு வருடம் ஆகிவிட்டதால் கரைப்பான் வெளியேறாமல் இருக்குமோ என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். பிடிப்பு மட்டும்தான் கேள்வி.

தடிமன் கருவி உண்மையில் உதவுவது இங்கேதான். வலது ஃபெண்டரையும் இடது ஃபெண்டரையும் பல இடங்களில் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். மறுபடி பெயின்ட் அடித்த இடத்தில் எண் கூடுதலாக வரும், பட்டி வைத்திருந்தால் பல மடங்கு எகிறும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரணக் கருவி அங்கே எதுவும் காட்டாது. அங்கே பாலிஷ் போடுபவரின் கைதான் கணக்கு. பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்தி அனுப்பாததால் மெஷின் ஒரே இடத்தில் நின்றால் பெயின்ட் சீக்கிரம் சூடாகிப் பாழாகும். அதனால் பம்பரில் அவசரம் கூடாது.

பெயின்ட் அடித்த பிறகு அந்த ஃபெண்டரில் கோட்டிங் திரும்பப் போட்டார்களா என்று உங்களுக்கு நினைவில்லை என்கிறீர்கள். போடவில்லை என்றால் அதிலும் ஒரு லாபம் உண்டு: காரைச் சுத்தமாகக் கழுவிய பிறகு, கோட்டிங் இல்லாத பெயின்ட்டில் தண்ணீர் எப்படி நிற்கும் என்பதை அந்த ஃபெண்டரிலேயே பார்த்துவிடலாம்.

நானாக இருந்தால் பம்பர், முழு பானெட், வலது ஃபெண்டர், மிரர்கள், ஹெட்லைட் ஆகியவற்றுக்கு ஃபிலிம் ஒட்டிவிட்டு இடது ஃபெண்டரை விட்டுவிடுவேன். பக்கவாட்டில் படும் கல் பம்பரில் படுவதைவிடக் குறைவு. ஒரு பக்கம் ஒட்டி ஒரு பக்கம் விடுவது மனதுக்கு உறுத்தினால் இரண்டு ஃபெண்டரையும் விடலாம், அல்லது பெயின்ட் பெயர்ந்தால் என் பொறுப்பு என்று தெரிந்தே ஒட்டலாம். பானெட்டில் பாதி மட்டும் ஒட்டும் மலிவான வழியைக் கறுப்புக் காருக்கு நான் சொல்ல மாட்டேன். பாதியில் முடியும் ஓரத்தில் அழுக்கும் பாலிஷும் சேர்ந்து நிரந்தரமாக ஒரு கோடு நிற்கும்.

அட்வான்ஸும் வாரன்டியும்

அட்வான்ஸ் கொடுத்துவிட்டதால் கை கட்டிப்போட்டதுபோல் நினைக்க வேண்டாம். வேலை இன்னும் தொடங்கவில்லை. அந்தக் கடைக்காரருக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: காரில் செராமிக் கோட்டிங் இருக்கிறது, இடது ஃபெண்டர் மறுபடி பெயின்ட் அடித்தது, ஃபிலிம் ஒட்டும் பாகங்களில் கோட்டிங்கை எடுத்துவிட்டு ஒட்டித் தருவீர்களா, அதற்கு எவ்வளவு கூடும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒத்துக்கொண்டால் அங்கேயே செய்யலாம், அவர் கெட்ட வேலைக்காரர் என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் இல்லை. 'தேவையில்லை, நான் கேரண்டி' என்று வாயால் மட்டும் சொன்னால் அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள். கிடைக்குமா என்பது ரசீதில் என்ன எழுதியிருக்கிறது, நீங்கள் கோட்டிங் இருப்பதை முதலிலேயே சொன்னீர்களா என்பதைப் பொறுத்தது. சொல்லியிருந்து, அவர் உறுதி கொடுத்திருந்தால் அந்த மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள்.

பில்லில் இவை இருக்கட்டும்:

- ஃபிலிமின் பிராண்டும் ரகமும் ரோல் எண்ணும், எந்தெந்தப் பாகம் என்பதும்.
- ஒட்டுவதற்கு முன் பரப்பில் என்ன செய்தார்கள் என்ற ஒரு வரி.
- ஓரம் எழும்பினால் எத்தனை நாளுக்குள், யார் செலவில் திரும்ப ஒட்டுவார்கள் என்பது.
- ஃபிலிமை கார் மேலேயே கத்தியால் வெட்டுவார்களா, கம்ப்யூட்டரில் முன்பே வெட்டிய துண்டுகளா என்பது. காரின் மேல் வெட்டினால் கத்தித் தடத்துக்கு யார் பொறுப்பு என்பதும்.

மூன்றாவதை அழுத்திச் சொல்கிறேன். ஃபிலிம் நிறுவனத்தின் வாரன்டி பொதுவாக மஞ்சளாவது, வெடிப்பது, அடுக்கு பிரிவது போன்ற ஃபிலிமின் சொந்தக் குறைகளுக்குத்தான். ஓரம் எழும்பினால் அது ஒட்டியவரின் வேலை என்பார்கள், ஒட்டியவர் கோட்டிங் மேல் குற்றம் சொல்வார், நீங்கள் நடுவில் நிற்பீர்கள். கோட்டிங்கின் ஐந்து வருட வாரன்டி பாலிஷ் போட்ட பாகங்களுக்கு இனி இருக்காது. மற்ற பாகங்களுக்கு நீடிக்குமா என்பதைக் கோட்டிங் போட்ட இடத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பல வாரன்டிகளில் வருடாவருடம் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். நீங்கள் காட்டவில்லை என்றால் அந்த வாரன்டி ஏற்கெனவே காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது, அதற்காக இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஃபிலிமுக்கு மேல் கோட்டிங் தேவையா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் நிச்சயம் கேட்பார்கள். நல்ல ஃபிலிம்களின் மேலடுக்கிலேயே தண்ணீர் ஒட்டாத தன்மை உண்டு, எனவே கட்டாயமில்லை. நெடுஞ்சாலையில் பூச்சி அதிகம் அடிக்கும் என்றால் போட்டுக்கொள்ளுங்கள், துடைப்பது சுலபமாகும். ஃபிலிமுக்கென்றே செய்த, வளைந்து கொடுக்கும் ரகமாகக் கேளுங்கள். ஃபிலிம் ஒட்டியபின் உள்ளே தங்கிய ஈரம் வெளியேற ஃபிலிம் நிறுவனம் சொல்லும் அவகாசம் முடிந்த பிறகு போடட்டும்.

முதல் சில நாட்கள் ஃபிலிமுக்கு அடியில் சின்னச் சின்ன நீர்க்குமிழிகளும் மங்கலும் தெரியும். கடைக்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போட வேண்டாம், அது சில நாட்களிலோ ஓரிரு வாரத்திலோ தானாக வற்றும். ஒரு வாரம் காரைக் கழுவாதீர்கள். அதற்குப் பிறகும் பிரஷர் வாஷரை ஓரத்தை நோக்கி நெருக்கமாகப் பிடிக்க வேண்டாம். இரண்டு வாரம் கழித்துக் காரைக் கடைக்குக் கொண்டுபோய், பம்பரின் இரண்டு மூலைகளையும் மிரரின் அடிப்பக்கத்தையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். எங்காவது தூக்கியிருந்தால் நீங்களாக ஃபெவிக்விக் வைத்து ஒட்டிவிடாதீர்கள், தூசி உள்ளே போவதற்கு முன் ஒட்டியவரிடமே காட்டுங்கள்.